பழைய பேப்பர் கடையில் கிடைத்த புயல்கள்

நம் வகுப்பில் பாதிப் பேர் பிள்ளைகளோடு நவி மும்பைப் பக்கம், வாஷிக்கும் ஐரோலிக்கும் போய்விட்டோம். முழங்காலுக்குத் தைலமும், லிஃப்ட் ஓடுகிறதா என்ற கவலையுமாக நாள் கழிகிறது. ஆனாலும் ஜூன் மாதத்து முதல் மழை எங்காவது ஒரு தகரக் கூரையில் விழுந்து சடசடத்தால் எனக்கு இன்றைக்கும் கால் தரையில் நிற்பதில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். நாம் தாராவி மழையில் வளர்ந்தவர்கள்.

ஏழாம் வகுப்பில், ஒரே ஒரு மழைக்காலத்தில், வெள்ளத்தையும் புயலையும் நிலநடுக்கத்தையும் சுருக்கி எழுத நான் கற்றுக்கொண்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நம் தமிழ் டீச்சரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். செம்பூரிலிருந்து பஸ்ஸில் வருவார். நனைந்த குடையை வகுப்பின் மூலையில் விரித்து வைப்பார். அது சொட்டும் தண்ணீர் ஓடையாகி முதல் பெஞ்சுக்கு அடியில் வரும். நாம் காலைத் தூக்கிக்கொண்டு பாடம் கேட்போம். ஒரு நாள் அவர் குடையை விரிக்கவே மறந்து, ஈரத்தோடு கையில் பிடித்தபடி, "மாட்டுங்காவில் தமிழ்ச் சங்கம் போட்டி வைக்கிறாங்க. நம்ம பள்ளியையும் கூப்பிட்டிருக்காங்க" என்றார். நம் பள்ளியை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. வகுப்பே மேசையைத் தட்டியது.

பேச்சு, பாட்டு, கோலம் எல்லாம் வழக்கம்போல. அந்த ஆண்டு புதிதாக ஒன்று சேர்த்திருந்தார்கள்: செய்திச் சுருக்கம். நாளிதழ்ச் செய்தி ஒன்றைக் கொடுப்பார்கள், சுருக்கி எழுத வேண்டும். எல்லாமே இயற்கைச் சீற்றங்கள் பற்றிய செய்திகளாக இருக்கும். டீச்சர் வகுப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

"பேச்சுக்குக் குரல் வேணும், பாட்டுக்கு ராகம் வேணும். இதுக்குப் பொறுமை போதும். நீ எழுதும்மா."

நான் அதிகம் பேசாததைப் பொறுமை என்று நினைத்துவிட்டார். உண்மையில் எனக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது.

விதிகளைப் பலகையில் எழுதிப்போட்டார். மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். தலைப்பு வேண்டும். சொந்தச் சரக்கு கூடாது. பயிற்சிக்கு ஒரு புயல் செய்தியும் கொடுத்தார். மூன்றில் ஒரு பங்குதானே, என்ன கஷ்டம் என்று நான் மூன்று வாக்கியத்துக்கு ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டை அடித்தேன். சீக்கிரமாக முடித்த பெருமையில் எழுந்து நின்று வாசித்தேன். "புயல் கரையைக் கடந்தது. அமைச்சர் ஹெலிகாப்டரில் சென்று பார்வையிட்டார். அவருடன் உயர் அதிகாரிகளும் சென்றனர்."

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "டீச்சர், இவ புயல்ல ஜனங்களே இல்ல டீச்சர். காத்தும் அமைச்சரும்தான் இருக்காவ."

வகுப்பு சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நீங்களும் சிரித்தீர்கள், மறுக்க வேண்டாம். சொன்னவள் பழைய பேப்பர் கடை அண்ணாச்சியின் மகள். டீச்சர் அவளைப் பெஞ்சுமேல் ஏறி நிற்கச் சொன்னார். பெஞ்சுமேல் நின்றபடியும் அவள் சிரித்தாள்.

சாயங்காலம் சண்டை போடுவதற்காகவே அவள் கடைக்குப் போனேன். ரத்திக் கடை என்றுதான் நாம் சொல்வோம். இந்திப் பேப்பர், மராட்டிப் பேப்பர், இங்கிலீஷ் பேப்பர், சென்னையிலிருந்து ரயிலில் வந்து மாட்டுங்கா வீடுகளில் படித்து முடித்த தமிழ்ப் பேப்பர் என்று வகை வகையாகக் கட்டி, கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். உள்ளே போனால் ஈரக் காகிதமும் மசியும் எலியும் கலந்த ஒரு வாசனை. எங்கள் வீட்டில் எப்போதும் வாப்பாவின் பட்டறைத் தோல் வாசனையும் பசை வாசனையும்தான். அதனால் இந்த வாசனை எனக்கு வெளியூர்போல இருந்தது.

அவள் தராசின் முன் உட்கார்ந்திருந்தாள். எடைக்கல்லை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

"அவ்வளவு தெரிஞ்சவ நீயே எழுத வேண்டியதுதான?" என்றேன்.

"எனக்கு எங்கட்டி தமிழ் வாசிக்க வருது? நாலாப்பு வர இந்தி ஸ்கூலு. எழுத்துக் கூட்டி முடிக்கதுக்குள்ள புயல் ஓஞ்சு போவும்." சொல்லிவிட்டு ஒரு கட்டிலிருந்து தமிழ்ப் பேப்பர் ஒன்றை உருவி என் மடியில் போட்டாள். "நீ வாசி. நான் கேக்கேன்."

வடக்கே ஏதோ ஓர் ஆற்றின் வெள்ளம். நான் செய்தியை முதலிலிருந்து வாசித்தேன். இரண்டாவது வரியிலேயே மறித்தாள். "எந்த ஊரு?" சொன்னேன். "என்னைக்கு?" தேடிச் சொன்னேன். "ஆளுக என்ன ஆனாவ?" அது கீழே ஏழாவது பத்தியில் இருந்தது. "இப்ப எங்க கெடக்காவ? சோறு கெடைக்கா?" அது கடைசி வரியில் இருந்தது. அதற்குள் ஒருவர் பேப்பர் கட்டோடு வந்துவிட்டார். அவள் தராசைத் தூக்கினாள். என்னை மறந்துவிட்டாள்.

அவள் காது அவ்வளவுதான். ஒரு கட்டை நிறுத்து இறக்கியதும் அடுத்த ஆள் வருகிற வரைக்கும் என்னுடையது. ஆள் வந்துவிட்டால் பிரதமரே செத்தாலும் கேட்க மாட்டாள். அந்த இடைவெளிக்குள் ஒரு வெள்ளத்தைச் சொல்லி முடிக்க வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது.

மறுநாள் பள்ளி விட்டதும் ஓடினேன். அதற்கு மறுநாளும். பேப்பர் மலைமேல் ஏறி நாங்கள் சீற்றங்களைத் தேடினோம். அவள் படத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பாள். "ஏட்டி, ஒரு நிலநடுக்கம் கெடச்சிருக்கு!" என்று உச்சியிலிருந்து கத்துவாள். "எனக்கு இங்க ரெண்டு புயல்!" என்று நான் அடியிலிருந்து கத்துவேன். பேப்பர் விற்க வந்தவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அண்ணாச்சி, "ரெண்டு குட்டியளும் சேந்து ஒலகத்தையே அழிச்சிட்டுதான் எந்திரிக்குங்க போல" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

ஒரு தடவை அருமையான புயல் ஒன்று கிடைத்தது. கிழக்குக் கடற்கரையில் ஒரு மீனவர் தென்னை மரத்தில் ஏறி உயிர் பிழைத்துக்கொண்டிருக்கிறார். கீழே தண்ணீர். மரம் ஆடுகிறது. கரையில் அவர் மனைவி கத்துகிறார். அத்தோடு செய்தி நின்றது. 'தொடர்ச்சி ஏழாம் பக்கம்.' ஏழாம் பக்கத்தைக் காணோம். கட்டைப் பிரித்தோம், பக்கத்துக் கட்டைப் பிரித்தோம். முந்தின நாள் கடலைக்காரர் ஒரு கட்டு வாங்கிப் போனதாக அண்ணாச்சி சொன்னதும் சயான் ஸ்டேஷன் வரை ஓடினோம். கடலை தின்றவர்கள் கையிலிருந்த பொட்டலங்களையெல்லாம் எட்டிப் பார்த்தோம். ஒருவர் பயந்துபோய்ப் பொட்டலத்தோடு கடலையையும் கொடுத்துவிட்டார். அதில் சினிமா விளம்பரம் இருந்தது. அந்த மீனவரை இறக்கினார்களா இல்லையா என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது.

செய்தித்தாள் தமிழை அவள் விட்டுவைக்கவில்லை. "ஏராளமானோர் பாதிக்கப்பட்டனர்" என்று வாசித்தால், "ஏராளம்னா ஒரு லாரியா, ஒரு ரயிலா?" என்பாள். பேப்பரிலும் அது இருக்காது. "பலர் இறந்திருக்கலாம் என்று அஞ்சப்படுகிறது" என்று ஒரு நாள் வாசித்தேன்.

"யாரு அஞ்சுதா?"

"தெரியல. அப்படித்தான் போட்டிருக்கு."

"அப்ப செத்தாவளா, சாவலையா?"

"அதுவும் தெரியல."

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. எதுக்குட்டி சுத்துத?"

நான் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, 'எத்தனை பேர் இறந்தார்கள் என்று இன்னும் தெரியவில்லை' என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தால் உடம்பு சிலிர்த்தது. முதல் தடவையாக ஒரு வாக்கியம் என் கையில் நேராக நின்றது. மறுநாள் பேப்பரில் ஒரு கணக்கும் அதற்கு மறுநாள் பேப்பரில் வேறொரு கணக்கும் இருக்கும் என்பதையும் அந்தக் கடையில்தான் கண்டுபிடித்தோம். அடுத்தடுத்த நாள் பேப்பர்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, என்னவோ திருடனைப் பிடித்துவிட்டதுபோல இரண்டு பேரும் குதித்தோம்.

நல்ல செய்திகளை வெட்டி வீட்டுக்குக் கொண்டுபோவேன். வாப்பாவின் தோல் வெட்டும் கத்தரிதான் என் கத்தரி. கனமானது, கைப்பிடியில் துணி சுற்றியிருக்கும். காகிதத்தை அது வெண்ணெய்போல வெட்டும். வெட்டியவற்றைப் பாய்க்கு அடியில் வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை உம்மா பாயை உதறினாள். இடிந்த வீடுகளும் மிதக்கும் மாடுகளும் தலைவிரித்து அழும் பெண்களும் வீடெல்லாம் பறந்தன.

"ஏளா, என்னளா இது? வீட்டுக்குள்ள செத்த மய்யித்தாக் கொண்டாந்து சேத்து வச்சிருக்க!"

படிப்புக்கு என்றேன். போட்டிக்கு என்றேன். உம்மா கேட்கவில்லை. எனக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று முடிவு செய்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிவாசல் ஹஜரத்திடம் போனாள். அவர் ஒரு செம்புத் தண்ணீரை வைத்து ஓத ஆரம்பித்தார். ஆதாரமாக உம்மா கொண்டுவந்திருந்த துண்டுக் காகிதம் அவர் முன்னால் கிடந்தது. ஓதிக்கொண்டே அவர் கண் காகிதத்துக்குப் போய்ப் போய் வந்தது. தண்ணீரில் ஊதி முடித்ததும், "இந்தப் பாலம் உடைஞ்சதே, ரயிலு என்ன ஆச்சு?" என்று என்னிடம் கேட்டார்.

"ரயில் முன்னாலயே நின்னுட்டு ஹஜரத். ஆளுக்குச் சேதமில்ல. தண்டவாளம் மட்டும் போச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, உம்மாவிடம் "புள்ளைக்கு ஒண்ணும் இல்ல, தண்ணியக் குடிக்கச் சொல்லுங்க" என்றார். நான் ஒரே மடக்கில் குடித்தேன். உம்மா அப்போதும் சமாதானமாகவில்லை.

அவள் ஏன் அப்படிப் பதறினாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. உம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வெள்ளம், புயல் எல்லாம் அவளுக்குப் படமாக மட்டுமே வந்தன. படத்தில் அழுகிற பெண் எந்த ஊர்க்காரி, பிறகு அவள் என்ன ஆனாள் என்று கேட்டால், வீட்டு ஆண்கள் "ஒண்ணுமில்ல, நீ போய் வேலையப் பாரு" என்பார்கள். பாதி தெரிந்த பயம் அவளுக்குள் நிறைய இருந்திருக்கிறது. நான் அதை வெட்டி வெட்டிப் பாய்க்கு அடியில் சேர்த்திருக்கிறேன்.

போட்டி நாளும் வந்தது. என்னைத் தனியாக அனுப்ப உம்மா ஒப்பவில்லை. அதனால் பேப்பர் கடைக்காரியும் துணைக்கு வந்தாள். டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் பஸ்ஸில் மாட்டுங்காவுக்குக் கூட்டிப்போனார். மண்டபத்தில் காபி வாசனையும் மல்லிகை வாசனையும் அடித்தன. பட்டுப்பாவாடைகள் சரசரத்தன. ஒவ்வொருவருக்கும் அச்சடித்த தாள் கொடுத்தார்கள். மலைநாட்டில் நிலநடுக்கம், நீளமான செய்தி. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து மேற்பார்வைக்கு நின்ற அம்மாவே, "என்னடி குழந்தே, லட்டா குடுத்தோம்?" என்று கேட்டார்.

வாசிக்க வாசிக்க என் தலைக்குள் தராசு ஆடியது. எந்த ஊர், என்றைக்கு, ஆட்கள் என்ன ஆனார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், எது இன்னும் தெரியவில்லை. அடுத்த ஆள் பேப்பர் கட்டோடு வருவதற்குள் முடித்துவிட்டேன். மற்றவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு காலாட்டினேன்.

பரிசுப் பட்டியலில் என் பெயர் இல்லை. டீச்சர் நடுவரிடம் போய்க் கேட்டார். நடுவர் வயதானவர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு என் தாளைத் தேடி எடுத்தார்.

"மூணுல ஒரு பங்கு கேட்டிருந்தோமே அம்மா. உங்க பொண்ணு ஆறுல ஒண்ணுகூட எழுதலையே."

நான் டீச்சர் பின்னால் ஒதுங்கினேன். பேப்பர் கடைக்காரிதான் முன்னால் போனாள். "எது சார் விட்டுப்போச்சு?"

அவர் திரும்ப வாசித்தார். அச்சடித்த தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலை ஓட்டி வாசித்தார். பிறகு சிரித்தார். "ஒண்ணும் விடலை. ஆனா அளவுன்னு ஒண்ணு போட்டுட்டோமே, என்ன பண்றது சொல்லு? ரெண்டு பேரும் கேசரி சாப்டேளா?"

கேசரி சாப்பிட்டோம். நெய் ஒழுகியது. பஸ்ஸில் டீச்சர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கோபம் என்று நினைத்தேன். சயான் வந்ததும், "ஒண்ணும் விடலையாமே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பேப்பர் கடைக்காரி என் காதில், "கொறச்சு எழுதச் சொல்லிட்டு, கொறச்சு எழுதினா கொறஞ்சு போச்சுங்காவ" என்றாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அதற்குப் பிறகு சில நாட்களிலேயே அந்த மழை வந்தது. எந்த மழை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் டீச்சர் வரவில்லை, செம்பூர் பஸ் நின்றுவிட்டது என்றார்கள். பாதியிலேயே பள்ளியை விட்டுவிட்டார்கள். நாம் முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வாப்பா அதிகாலையிலேயே பட்டறையில் தைத்த தோல் பைகளை மூட்டை கட்டிச் செம்பூரில் ஒரு கடைக்குக் கொண்டுபோயிருந்தார்.

எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. அண்ணாச்சி தெருவில் நின்று, "பொம்பளையளும் புள்ளையளும் நம்ம கடை மாடிக்கு வாங்க, மேல நல்லாப் பலமா இருக்கு" என்று சத்தம் போட்டார். உம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். மேலே, காய்ந்த கட்டுகளின்மீது எங்கள் சந்துப் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். தகரத்தின்மேல் மழை இரைந்தது. பேச வேண்டுமானால் கத்த வேண்டும்.

மின்சாரம் இல்லை. அண்ணாச்சியின் டிரான்சிஸ்டர் மட்டும் இருந்தது. இந்தியிலும் மராட்டியிலும் மாறி மாறி அறிவிப்பு வந்தது. பேப்பர் கடைக்காரி அதைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு, கேட்டதையெல்லாம் எனக்குத் தமிழில் கொட்டினாள். நான் அதிலிருந்து எடுத்துப் பெண்களுக்குச் சொன்னேன். யாரும் எங்களைச் சொல்லச் சொல்லவில்லை. பேப்பர் மலைமேல் உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் அப்படியே ஆரம்பித்துவிட்டது.

"செம்பூர் ரோடு?" என்று உம்மா கேட்டாள். அதுவரை எங்களைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தவள்.

பேப்பர் கடைத் தோழி என்னைப் பார்த்தாள். ரேடியோ சற்று முன்புதான் அதைச் சொல்லியிருந்தது. 'வாப்பா வந்துருவாவ' என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ரேடியோ அதைச் சொல்லவில்லை.

"செம்பூர் ரோட்டுல தண்ணி உம்மா. பஸ்சு நிக்கி. ஆளுக எறங்கி நடந்து வாராவ. ஆளுக்குச் சேதம்னு ரேடியோல சொல்லல."

உம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நடந்து வாராவளா?" என்று ஒரு தடவை கேட்டாள். "ஆமா" என்றேன். அவள் தம்பியைத் தோளில் சாய்த்துத் தட்ட ஆரம்பித்தாள்.

பிற்பகலில்தான் அந்தக் கூச்சல். சந்தின் கோடியிலிருந்து ஓர் ஆள் தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஏரி ஒடைஞ்சிட்டு! ஏரி ஒடைஞ்சிட்டு! பானி ஆ ரஹா ஹை! தண்ணி வருது, ஓடுங்க!"

சந்து முழுக்க வீடுகளிலிருந்து வெளியே கொட்டியது. எல்லாரும் பெரிய ரோட்டுப் பக்கம். அந்த முனையில்தான் பெரிய சாக்கடையான நாலா ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர் மூடியிருந்ததால் ரோடு எது, நாலா எது என்று தெரியாது. எங்கள் மாடியிலும் பெண்கள் எழுந்துவிட்டார்கள். ஏணிவாயில் நெரிசல். ஒரு சின்னப் பிள்ளை காலடியில் விழுந்து வீறிட்டது.

"எந்த ஏரி?" என்று ஜன்னலிலிருந்து தோழி கத்தினாள். ஓடிவந்தவர் ஒரு பெயரைச் சொன்னார். பின்னால் வந்தவர் வேறு பெயரைச் சொன்னார்.

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்லுதாவ!"

தோழி டிரான்சிஸ்டரை என் கையில் திணித்தாள். மூலையில் கிடந்த காலி எண்ணெய் டின்னைத் தூக்கி ஜன்னலில் வைத்தாள். எடைக்கல்லால் அடித்தாள். அப்பா, என்ன சத்தம்! தம்பி அழுகையை நிறுத்திவிட்டான். கீழே தலைகள் மேலே திரும்பின. "சொல்லுட்டி!" என்றாள் என்னிடம்.

ஜன்னல் திட்டில் ஏறினேன். சந்தே என்னைப் பார்த்தது. அவ்வளவு முகங்கள் என்னைப் பார்த்ததே இல்லை. "எறங்குளா ஜன்னல விட்டு" என்று உம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். பயமா என்று கேட்டால் பயம்தான். ஆனால் அதற்கும் மேலாக, இத்தனை நாள் தேடிய வாக்கியம் வரிசையாக வந்து நிற்கிற பரபரப்பு எனக்கு. கத்தினேன்.

"ரேடியோல சொன்னது இதான்! மழ இன்னும் பெய்யும். ரயிலு இல்ல, பஸ்சு இல்ல. கடலு ஏறியிருக்கு, சாயங்காலம் எறங்கும், எறங்கினா தண்ணி வடியும். ஏரி ஒடைஞ்சதாச் சொல்லல. மாடியில இருங்க, ரோட்டுக்குப் போவாதிய!"

"சொல்லலைன்னா ஒடையலைன்னு ஆயிருமா?" என்று கீழேயிருந்து ஒரு பெரியவர் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாது மாமா. இப்ப வர சொல்லல. சொன்னா ஒடனே சொல்லுதேன்."

தெரியாது என்று நான் சொன்னதுதான் அவரை நிறுத்தியது என்று இப்போது தோன்றுகிறது. அவர் நின்றார். அவர் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஆனால் முன்னால் போனவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். என் குரல் அதற்கு மேல் எட்டவில்லை. அப்போதுதான் எங்கள் குழாயடி மாமி ஏணிவாயை விட்டு ஜன்னலுக்கு வந்தார். காலையில் குடத்தை வரிசை மாற்றி வைத்தால் அவர் போடுகிற சத்தத்தில் அடுத்த சந்து எழுந்துவிடும். என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டு, நான் சொன்னதை அப்படியே சொன்னார். எதிர் மாடியில் ஒரு பெண் அதை வாங்கிச் சொன்னாள். அவளிடமிருந்து அடுத்த மாடி. யாரோ அதை இந்தியில் சொன்னார்கள். சந்தின் வளைவுக்கு அப்பால், நாங்கள் பார்க்க முடியாத இடத்தில், ஓர் ஆண் குரல், "மாடியில இருங்க, ரோட்டுக்குப் போவாதிய" என்று சொல்வது மழைக்குள் கேட்டது.

தோழி என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். "அப்படியே போவுதுட்டி! ஒரு வார்த்த மாறலட்டி!"

நீளமாக இருந்திருந்தால் மூன்றாவது வீட்டு மாடியிலேயே ஏரி இரண்டாக உடைந்திருக்கும். குறைவாக இருந்ததால் யாரும் அதில் கைவைக்க முடியவில்லை. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிவந்தார்கள். பிள்ளைகளை மேலே கைமாற்றிக் கொடுத்தார்கள். அண்ணாச்சி இன்னும் பத்துக் கட்டுகளைத் தள்ளி இடம் பண்ணினார். ரேடியோ ஏரியைப் பற்றி அன்றைக்குக் கடைசி வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. எந்த ஏரியும் உடையவில்லை என்று மறுநாள் பேப்பரில்தான் போட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் வரை நாங்கள் சொல்லிக்கொண்டே இருந்தோம். ஒவ்வொரு அறிவிப்புக்கும் தோழி டின்னைத் தட்டுவாள், நான் சொல்வேன், மாமி ஊதுவார். நடுவில் யாரோ பிஸ்கட் கொடுத்தார்கள். எங்களுக்குத் தொண்டை கட்டிப்போனது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பு இருந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் சொல்லி முடித்ததும், ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கும் உம்மாவின் கையைப் பார்ப்பேன். சந்தோஷம் அப்படியே நின்றுவிடும்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் மழை கொஞ்சம் விட்டது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிய ஆரம்பித்தது. வடிகிறது என்று தம்பி கைகொட்டினான். அப்போது சந்தின் வளைவில் ஒரு தலை தெரிந்தது. தலைமேல் காலிச் சாக்கு. சட்டைக் கழுத்து வரைக்கும் சேறு. உம்மா கம்பியை விட்டுவிட்டு ஏணியில் பாதி இறங்கி நின்றாள்.

வாப்பாவுக்கு மூச்சு வாங்கியது. ஏணியின் அடியில் நின்று, எங்களை எண்ணிப் பார்ப்பதுபோல மேலே பார்த்தார். உம்மா, தம்பி, நான். பிறகு, எங்களுக்குத் தைரியம் சொல்ல வேண்டியது தன் பொறுப்பு என்பதுபோல, பெரிய குரலில் சொன்னார்.

"பயப்படாதிய. ரயிலு இல்ல, பஸ்சு இல்ல. கடலு ஏறியிருக்காம், சாயங்காலம் எறங்குமாம், எறங்கினா தண்ணி வடியுமாம். ஏரி ஒடைஞ்சதா ரேடியோல சொல்லலையாம். மாடியிலயே இருங்க. அந்த முக்குல ஒரே கூட்டம், நான் நாலாப் பக்கம் எறங்கப் போனேன், ஒரு ஆளு கையப் பிடிச்சி நிறுத்தி அம்புட்டும் சொன்னான்."

மாடியில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தோழி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

உம்மா ஏணியில் இன்னும் இரண்டு படி இறங்கி, வாப்பாவின் தலையிலிருந்த சாக்கை எடுத்தாள். முந்தானையால் அவர் முகத்துச் சேற்றைத் துடைத்தாள்.

"அது நம்ம புள்ள சொன்னது" என்றாள்.

"எது?"

"அம்புட்டும்."